பாலாற்றில் குரோமியம்: சட்டம், புறப்பரப்பு வேதியியல், நன்னீர்ச் சூழலியல் மூன்றையும் சேர்த்து ஆராய்வது எப்படி

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் குரோமியம் சேரும் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்துப் பாலாற்றைப் பற்றி ஆய்வு தொடங்குகிறவர் பெரும்பாலும் ஏதோ ஒரு துறையில் படித்துவிட்டு வருகிறார். வேதியியல் படித்தவர் கரியைப் போட்டு குரோமியத்தை எடுக்கப் பார்ப்பார். விலங்கியல் படித்தவர் வலையோடு ஆற்றில் இறங்குவார். சட்டம் படித்தவர் தீர்ப்பில் தொடங்குவார். மூன்றையும் சேர்த்து ஆய்வேடு எழுத ஆசைப்பட்டால் கடைசியில் பெரும்பாலும் ஒன்றோடொன்று பேசாத மூன்று அத்தியாயங்களே மிஞ்சுகின்றன. புட்டியில் நீர் எடுக்கும் முன்பே மூன்று துறைகளின் கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்காததே காரணம். கீழே சொல்லும் வரிசை அந்தக் குறையைத் தவிர்ப்பதற்காக: முதலில் சட்டம், பிறகு களம், அதன் பிறகே ஆய்வகம்.

முதல் படி: தீர்ப்பை முழுதாகப் படியுங்கள்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. (1996) 5 எஸ்.சி.சி. 647 என்ற குறிப்பைக் கொண்டு தேடலாம். முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிட, 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3(3) பிரிவின்கீழ் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது.

சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நமக்கு வேண்டியது தீர்ப்பின் தொடக்கப் பக்கங்களில் இருக்கிறது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது, திண்டுக்கல் பக்கம் 13 ஊர்களின் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனது ஆகிய எண்களை நீதிமன்றம் கள ஆய்வுகளிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறது. யாரோ வெயிலில் ஊர் ஊராகப் போய் எண்ணிய கிணறுகள் தீர்ப்பின் அடித்தளமாகியிருக்கின்றன. ஒவ்வொரு எண்ணும் யார் எடுத்தது, எந்த அளவீடு, எதோடு ஒப்பிட்டது என்று ஒரு தாளில் பட்டியலிடுங்கள். உங்கள் ஆய்வு எந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். 2025 ஜனவரி 30 அன்று இதே பிரச்சினையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். இழப்பீடும் சீரமைப்பும் முடிவுக்கு வராததால் நீதிமன்றம் தொடர் கண்காணிப்பை வைத்துக்கொண்டது. அதனால் இந்தத் துறையில் இன்று எடுக்கும் அளவீட்டுக்கு இன்றும் பயன் உண்டு.

இரண்டாம் படி: எந்த வரம்பு, எதற்கு உரியது

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வெளியேற்றத் தரப்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமுக்கும் மேல் போகக்கூடாது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500:2012 தரம் மொத்தக் குரோமியத்துக்கு 0.05 மில்லிகிராம் என்கிறது. இரண்டுக்கும் நடுவே 40 மடங்கு. கழிவுநீர்க் குழாயின் வாயில் எடுத்த நீரைக் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிட்டால் அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வாதம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். குழாய் வாய்க்கு வெளியேற்றத் தரம், கிணற்றுக்குக் குடிநீர்த் தரம். ஆற்றுப்படுகைச் சேற்றுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. அங்கே மாசு சேராத இடத்துச் சேற்றோடு ஒப்பிடுவதே வழி.

ஒவ்வொரு ஆலைக்கும் அதன் இசைவாணையில் (கழிவுநீரை வெளியேற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியில்) தனி நிபந்தனைகள் இருக்கும். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவுப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். அக்கறையோ பாதிப்போ உள்ள எவரும் அதைப் பார்க்கலாம். இந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. அது கைகூடாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். “மாசு பற்றிய விவரங்கள் தருக” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘இந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் நடப்பு இசைவாணை நகல், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எடுத்த மாதிரிகளின் பகுப்பாய்வு அறிக்கைகள்’ என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள், மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு மாதம் என்று கணக்கிட்டு, களத்துக்குப் போவதற்கு மூன்று மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் எடுக்கும் மாதிரி சட்டப்படி என்ன மதிப்புடையது என்பதையும் இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரியை வாரிய அலுவலர் எப்படி எடுக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. அறிவிப்புக் கொடுத்து, ஆலைக்காரர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த முறை பிசகினால் அந்த அறிக்கை சாட்சியமாக ஏற்கப்படாது. ஆராய்ச்சியாளரின் மாதிரி இந்த வகையில் வராது. அதை வைத்து ஓர் ஆலை மீது தண்டனை வாங்க முடியாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளால் கட்டுப்பட்டதல்ல என்பதால் அங்கே நிபுணர் அறிக்கையாக அது எடுபடும். இழப்பீடு கோரும் மனுவுக்குத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஐந்து ஆண்டு அவகாசம் தருகிறது. 14ஆம் பிரிவின் வழக்குகளுக்கு ஆறே மாதம்தான். உங்கள் மாதிரித் தேதிகள் இந்தக் கெடுக்களுக்குள் வருகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: இடத் தேர்வு

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு, டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை, ஆங்காங்கே மடுக்களும் மெல்லிய ஓட்டமும் இருக்கும். நீர்வாழ் உயிர்களுக்கான காலம் அதுதான். கோடையில் படுகைச் சேறு, கிணறு, ஏரி ஆகியவற்றை ஆராயலாம். 2021 நவம்பரில் வந்ததுபோல் பெருவெள்ளம் ஒன்று வந்தால் பழைய படுகைச் சேறு இடம்பெயர்ந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றை ஒரே தொடராக இணைக்கக் கூடாது.

ஆலைக்கு மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம் என்ற எளிய அமைப்பு இங்கே போதாது. ஆலைகள் இருக்கும் ஊரில்தான் வீட்டுச் சாக்கடையும் ஆற்றில் சேர்கிறது. சாக்கடை ஒன்றே பூச்சியினங்களைக் குறைத்துவிடும். ஆகவே மூன்று வகை இடம் வேண்டும்: இரண்டும் சேராதது, சாக்கடை மட்டும் சேர்வது, சாக்கடையும் தோல் கழிவும் சேர்வது. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது மூன்று தனித்தனி இடங்கள். ஒரே மடுவில் மூன்று முறை வலை வீசுவது மூன்று இடங்கள் ஆகாது. அது ஒரே இடத்தின் மூன்று அளவீடு. இதைக் கலந்துவிட்டுப் புள்ளியியல் சோதனை போட்டால் இல்லாத வேறுபாடும் இருப்பதாகக் காட்டும்.

இன்னொன்றை மறக்கவே கூடாது: உப்பு. பச்சைத் தோல் உப்பிட்டே வருகிறது. அந்த உப்பு முதல் ஊறலிலேயே நீரில் இறங்குகிறது. மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியின் இளவுயிரிகள் காணாமல் போனதற்குக் குரோமியம் காரணமா உப்பு காரணமா என்று பிரித்துச் சொல்ல, ஒவ்வொரு இடத்திலும், உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துத்திறனை அளந்தே ஆக வேண்டும். கையடக்க மீட்டர் போதும். தரக் கரைசலைக் கொண்டு தினமும் காலையில் சரிபாருங்கள்.

நான்காம் படி: களத்தில் ஒரு நாள்

ஓரிடத்தில் நீர், உயிர்கள், சேறு என்ற வரிசையில் எடுங்கள். முதலில் சேற்றைக் கிளறிவிட்டால் நீர் கெட்டுவிடும். பல இடங்கள் என்றால் கீழ்நீரிலிருந்து மேல்நீர் நோக்கிப் போங்கள்.

நீருக்குப் பாலிஎத்திலீன் புட்டிகள், 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் காய்ச்சி வடித்த நீரில் கழுவியவை. ஓரிடத்துக்கு இரண்டு புட்டி வேண்டும், இரண்டுக்கும் பாதுகாப்பு முறை வேறு. மொத்தக் குரோமியப் புட்டியில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புறப்பரப்பு வேதியியல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆறு இணைதிறன் குரோமியப் புட்டியில் அமிலம் விடவே கூடாது. அமிலத்தில் கரிமப் பொருள் அதை மூன்று இணைதிறனாக ஒடுக்கிவிடும். அதைக் களத்திலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, பனிப்பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். இரண்டு புட்டியையும் ஒரே கையோடு அமிலமிட்டுவிட்டு “ஆறு இணைதிறன் இல்லவே இல்லை” என்று எழுதிய ஆய்வேடுகள் உண்டு. இல்லாமல் போனது ஆற்றிலா புட்டியிலா என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பூச்சிகளுக்கு 500 மைக்ரான் கண் கொண்ட கைவலை. கல் இருக்கும் ஓட்டத்தில் வலையைக் கீழ்ப்பக்கம் பிடித்து, மேற்பக்கத்துக் கற்களைக் காலால் புரட்டுங்கள். மணற்படுகையில் இந்த முறை வெறும் மணலையே வலையில் நிரப்பும். அங்கே கரையோரக் கோரையின் அடியையும் செடி வேர்களையும் வருடி எடுங்கள். எந்த இடமானாலும் மொத்தம் மூன்று நிமிடம், கடிகாரம் பார்த்து.

வலையில் வந்ததை வெள்ளைத் தட்டில் இரண்டு விரற்கடை நீர்விட்டுக் கொட்டி, ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள். முதலில் வெறும் சருகாகத் தெரியும். பிறகு சருகு நகரும். வயிற்றின் இருபக்கமும் செவுள்கள் விசிறிபோல் அடித்துக்கொண்டு, பெரும்பாலும் மூன்று வால் இழைகளோடு இருப்பது மேஃப்ளை. தட்டின் அடியில் எட்டு எட்டாக வளைந்து நீந்தும் சிவப்புப் புழு கைரோனோமிட். அதன் உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கிறது. கண்டதும் பொறுக்க அவசரப்படாதீர்கள். பெரியதும் வேகமானதும் முதலில் கண்ணில் படும், ஒட்டிக்கிடப்பது தப்பிவிடும்.

பொறுக்கியவற்றை 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் புதிய எத்தனாலுக்கு மாற்றுங்கள். உயிரிகளின் உடல் நீர் கலந்து முதல் எத்தனால் நீர்த்துப்போயிருக்கும். மாற்றாவிட்டால் ஒரு மாதத்தில் செவுள்கள் உதிர்ந்து குடும்பம் அடையாளம் காண முடியாமல் போகும். இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதிய சீட்டைப் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள், பென்சிலால் எழுதி. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

சேற்றில் மேல் 2 சென்டிமீட்டரை மட்டும் எடுத்து, பிறகு ஆய்வகத்தில் 63 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். குரோமியம் நுண்துகள்களின் பரப்பிலேயே அதிகம் ஒட்டியிருக்கும். ஓரிடத்தில் மணலும் இன்னோரிடத்தில் களிமண்ணும் எடுத்து அப்படியே ஒப்பிட்டால் மாசின் வேறுபாட்டுக்குப் பதில் மண்ணின் வேறுபாட்டைத்தான் அளந்திருப்பீர்கள்.

புட்டி கைமாறும் ஒவ்வொரு முறையும் யாரிடமிருந்து யாருக்கு, எந்த நேரம் என்று ஒரே தாளில் கையெழுத்து வேண்டும். படங்களையும் ஜி.பி.எஸ். பதிவுகளையும் அன்றிரவே படியெடுத்து, கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்ட உதவும் ஹேஷ் மதிப்பைக் குறித்து வையுங்கள். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழில் அந்த மதிப்புக்கு இடம் இருக்கிறது.

ஐந்தாம் படி: ஆய்வகம்

ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டு உள்ளே போங்கள். தோல் பதனிடப் பயன்படுவது காரக் குரோமியம் சல்ஃபேட். அது மூன்று இணைதிறன் கொண்டது. வழக்கமான பதனிடும் முறையில் அதில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறும், மீதி கழிவுநீரில் போகும். ஆறு இணைதிறன் வேறு வழியில் வரும்: ராணிப்பேட்டையில் மூடப்பட்டுக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் போன்றவற்றிலிருந்து, அல்லது சேற்றிலுள்ள மாங்கனீசு ஆக்சைடின் பரப்பில் மூன்று இணைதிறன் ஆக்சிஜனேற்றம் அடைவதால். “தோல் கழிவிலிருந்து ஆறு இணைதிறன் குரோமியம் நீக்கல்” என்று தலைப்பு வைப்பதற்கு முன், அந்தக் கழிவில் அது இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள்.

அளக்கும் முறை: வடித்த மாதிரி 95 மில்லிலிட்டர், கந்தக அமிலத்தால் பி.எச். 2 அருகே கொண்டுவந்து, 2 மில்லிலிட்டர் டைஃபினைல்கார்பசைடு கரைசல் (50 மில்லிலிட்டர் அசிட்டோனில் 250 மில்லிகிராம்) சேர்த்து 100க்கு நிரப்புங்கள். செவ்வூதா நிறம் எழும். 5 முதல் 10 நிமிடத்துக்குள் 540 நானோமீட்டரில் படியுங்கள். தரக் கரைசலுக்கு உலர்த்திய பொட்டாசியம் டைகுரோமேட் 2.829 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் குரோமியம். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (அளவிடும் கண்ணாடிக் குப்பியில்) லிட்டருக்கு 1 மில்லிகிராம் தரக் கரைசலின் உறிஞ்சல் 0.75ஐ ஒட்டி வர வேண்டும். 0.4 வந்தால் வினைப்பொருள் பழசு. கார்பசைடு கரைசல் பழுப்பேறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். கழிவுநீருக்கு இயல்பிலேயே நிறம் இருக்கும் என்பதால், கார்பசைடு சேர்க்காத மாதிரியையும் படித்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பரப்புக் கவர்தல், அதாவது நீரில் கரைந்த பொருள் திடப்பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது. தேங்காய் ஓட்டுக் கரியை எடுத்துக்கொள்வோம். கழுவிய நீரின் மின்கடத்துத்திறன் நிலைக்கும்வரை கழுவி, 105 டிகிரியில் உலர்த்தி, சலித்து ஒரே அளவுத் துகளாக்குங்கள். முதல் சோதனை குரோமியம் இல்லாமலேயே: 0.01 மோலார் சோடியம் குளோரைடு 50 மில்லிலிட்டர் வீதம், பி.எச். 2 முதல் 10 வரை வைத்த குடுவைகள், ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் கரி, 48 மணி நேரம். தொடக்க பி.எச்.சும் இறுதி பி.எச்.சும் சமமாகும் புள்ளியே பரப்பின் மின்சுமை சுழியாகும் புள்ளி. அதற்குக் கீழே பரப்பு நேர்மின்சுமை கொள்ளும், குரோமேட் எதிர் அயனியை இழுக்கும். மேலே போனால் விலக்கும்.

பிறகு 100 மில்லிலிட்டர் குரோமியக் கரைசல், 0.2 கிராம் கரி, குலுக்கியில் நிமிடத்துக்கு 150 சுற்று. 5 நிமிடத்திலிருந்து 24 மணி நேரம் வரை இடைவெளி விட்டு எடுத்துச் சமநிலை நேரத்தைக் கண்டுபிடியுங்கள். தொடக்கத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம், சமநிலையில் 12 என்றால் வேறுபாடு 38, அதை 0.1 லிட்டரால் பெருக்கி 0.2 கிராமால் வகுத்தால் ஒரு கிராம் கரிக்கு 19 மில்லிகிராம். ஒவ்வொன்றும் மும்முறை. கரி இல்லாத குடுவையும் குரோமியம் இல்லாத குடுவையும் கட்டாயம். மூன்று இணைதிறன் குரோமியம் பி.எச். 6ஐத் தாண்டினால் ஹைட்ராக்சைடாகத் தானே படிந்துவிடும். கரி இல்லாத குடுவையிலும் அளவு குறைந்தால் கரி கவர்ந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

பி.எச். 2இல் 96, 98 சதவீத நீக்கம் என்று வரும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். அந்த அமிலத்தன்மையில் கரியின் ஆக்சிஜன் தொகுதிகள் ஆறு இணைதிறனை மூன்றாக ஒடுக்குகின்றன. கார்பசைடு முறை மூன்றைக் காணாது. குரோமியம் நீரிலேயே இருக்கும், உங்கள் கருவிக்கு மட்டும் தெரியாது. ஒவ்வொரு குடுவையிலும் இறுதி பி.எச்.சை அளந்து பாருங்கள். ஒடுக்கம் ஹைட்ரஜன் அயனியை விழுங்குவதால் அது ஏறியிருக்கும். மொத்தக் குரோமியத்தை அணு உறிஞ்சல் கருவியில் 357.9 நானோமீட்டரில் அளந்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் ஒடுங்கி நீரிலேயே தங்கிவிட்ட அளவு. அதற்கும் மேலாக, ஆற்றுநீரின் பி.எச். 2 அல்ல, 7க்கு மேல். அங்கே கரியும் எதிர்மின்சுமை, குரோமேட்டும் எதிர்மின்சுமை. உண்மையான நீரில், அதன் குளோரைடும் சல்ஃபேட்டும் போட்டியிடும்போது கரி என்ன செய்கிறது என்று காட்டும் ஒரு சோதனை, காய்ச்சி வடித்த நீரில் செய்த இருபதைவிட மதிப்புள்ளது.

கரி கவர்ந்த அளவையும் கரைசலில் மிஞ்சிய அளவையும் தொடர்புபடுத்தும் லாங்மியர், ஃபிராய்ண்ட்லிக் சமன்பாடுகளை நேர்கோடாக மாற்றாமல் அப்படியே பொருத்துங்கள். கவர்தலின் வேகத்தை விவரிக்கும் போலி இரண்டாம் வகை வினைவேகச் சமன்பாட்டின் நேர்கோட்டு வடிவில் நேரம் இரண்டு அச்சிலும் வருவதால் எதைப் போட்டாலும் பொருத்தத்தின் அளவு (R²) 0.99 காட்டும். அதை வைத்து வினையின் வழிமுறையைச் சொல்லக் கூடாது.

குரோமியக் கழிவைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பி.எச். 2க்குக் கொண்டுவந்து சோடியம் பைசல்ஃபைட்டால் ஒடுக்கி, நிறம் பச்சையான பின் காரம் சேர்த்து 8.5க்கு உயர்த்தி, படிந்த சேற்றைத் தனியே சேமித்து அபாயக் கழிவாக ஒப்படையுங்கள். சல்ஃபர் டை ஆக்சைடு வரும் என்பதால் புகைப்பெட்டிக்குள் செய்ய வேண்டும்.

ஆறாம் படி: மூன்றையும் ஒரே அட்டவணையில்

ஓர் இடத்துக்கு ஒரு வரி. மின்கடத்துத்திறன், இரு குரோமிய அளவுகள், சேற்றுக் குரோமியம், பூச்சிக் குடும்பங்களின் மதிப்பெண், பொருந்தும் சட்ட வரம்பு. மதிப்பெண்ணுக்கு பி.எம்.டபிள்யூ.பி. முறை எளிது: மாசைத் தாங்காத குடும்பத்துக்கு அதிக மதிப்பெண், தாங்கும் குடும்பத்துக்குக் குறைவு. பேட்டிடே மேஃப்ளை 4, ஹைட்ராப்சைகிடே 5, ஊசித்தட்டான் இளவுயிரி 6, கைரோனோமிட் 2, சேற்றுப்புழு 1 கிடைத்தால் கூட்டல் 18, ஐந்து குடும்பம், சராசரி 3.6. கூட்டலைவிடச் சராசரியை நம்புங்கள். அதிக நேரம் தேடினால் கூட்டல் ஏறும், சராசரி அவ்வளவு ஆடாது. இது பிரிட்டனில் வகுத்த மதிப்பெண் என்பதால் எண்ணைத் தனியே சொல்லாமல் உங்கள் மாசு சேராத இடங்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் உயிரியல் தர மதிப்பீட்டில் குடும்ப மதிப்பெண்ணைப் பயன்படுத்துவதால் சட்ட அத்தியாயத்துக்கும் இது நேராக உதவும்.

எழுதும்போது “தோல் கழிவால் பூச்சிகள் அழிந்தன” என்று எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சாக்கடையையும் உப்பையும் காட்டி அந்த ஒரு வரியைக் கொண்டே அறிக்கை முழுவதையும் தள்ளிவிடுவார். மூன்று வகை இடங்களையும் ஒழுங்காக எடுத்திருந்தால் இப்படி எழுதலாம்: ‘சாக்கடை மட்டும் சேரும் மூன்று இடங்களிலும் பேட்டிடே குடும்பம் இருந்தது. தோல் கழிவும் சேரும் மூன்று இடங்களிலும் இல்லை. பின்னவற்றில் மின்கடத்துத்திறனும் சேற்றுக் குரோமியமும் கூடியிருந்தன. இவ்விரண்டில் எது காரணம் என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. இரண்டுமே தோல் கழிவோடு வருபவை.’ அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கீழே, இரண்டும் அந்தக் கழிவில் இருந்ததைக் காட்டும் குழாய் வாய் அளவீட்டின் அட்டவணை எண்ணையும் மாதிரித் தேதியையும் குறிப்பிட்டுவிடுங்கள்.